மலையக மெப்: ஏழு ஆட்டத்தில் ஆறு முறை நுவரெலியாதான் ஜெயித்தது, எங்கே பிழை?

கொட்டகலை மேட்டுலயம்:

வணக்கம். ஹட்டன் டவுனில் கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். வீடு கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். இரண்டு வருடமாக சிவிலைசேஷன் 5 என்ற கம்பியூட்டர் விளையாட்டுக்கு நம் மலையகத்தை மெப்பாக வரைந்துகொண்டிருக்கிறேன். என் லெப்டொப்பில் ஆறாவது பாகம் ஓடாது, அதனால் ஐந்துதான். போன மாதம் வரைந்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். விளையாடிப் பார்த்தபோதுதான் முடியவில்லை என்று தெரிந்தது.

மெப் வரையும் கருவியான வேர்ல்ட் பில்டரில் 66க்கு 42 கட்டம். ஒரு கட்டம் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். மேற்கே அவிசாவளை, கிழக்கே மொனராகலை, வடக்கே கண்டி, தெற்கே பலாங்கொடை. ஆறு பேர் விளையாடலாம்: கண்டி, கம்பளை, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை. இரண்டு நகரங்களுக்கு நடுவில் மூன்று கட்டமாவது இருக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதி. அதனால் ஹட்டனை வைத்தால் கொட்டகலையை வைக்க முடியாது. எங்கள் ஊரை நானே விட்டுவிட்டு வரைந்தது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

உயரத்தை கூகுள் எர்த்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினேன். 1500 மீட்டருக்கு மேல் என்றால் மலை, 800இலிருந்து 1500 வரை குன்று, அதற்குக் கீழே சமதரை. விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் குன்றில் ஏற இரண்டு நகர்வு செலவாகும், அவ்வளவுதான். மலைக் கட்டத்தில் படை ஏறவே முடியாது. அது சுவர் மாதிரி.

நுவரெலியா 1868 மீட்டர். என் கணக்குப்படி அதுவே மலைதான், ஆனால் நகரம் வைக்க வேண்டுமே என்று நான்கு கட்டத்தைச் சமதரையாக விட்டு, றம்பொடைப் பக்கம் ஒரே ஒரு கட்டம் வாசல் வைத்தேன். அங்கேதான் எல்லாம் கெட்டது. வாசலில் ஒரு ஈட்டிக்காரனும் பின்னால் ஒரு வில்லாளியும் நின்றால் யாரும் உள்ளே வர முடியாது. மலையை ஒட்டிய நகரத்தில் வானாய்வுக்கூடம் கட்டலாம், அது அந்த நகரத்தின் விஞ்ஞானத்தை 50 வீதம் கூட்டும். சண்டையே இல்லாமல் படித்துக்கொண்டே இருந்து கடைசியில் ராக்கெட் விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தம்பியும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே லெப்டொப்பில் மாறி மாறி உட்கார்ந்து ஏழு ஆட்டம் ஆடினோம். ஆறில் நுவரெலியா. பதுளை ஏழிலும் கடைசி.

போன வாரம் அப்பா பின்னால் நின்று பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவர். திரையில் ஹோர்ட்டன் சமவெளி இருக்கும் இடத்தைக் காட்டி, "இத ஏன் அடைச்சி வச்சிருக்க?" என்று கேட்டார். 2100 மீட்டர் உயரம், அதனால் மலை என்றேன். "உயரம்னா அடைச்சிருவியா? அந்தக் காலத்துல டயகமவுல இருந்து ஏறிட்டோம்னா அப்புறம் மேல சும்மா புல்லுதான். நடந்தே ஒஹியாவுக்கு எறங்கிருவோம்" என்றார்.

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. உயரத்தை வைத்து வரைந்ததே பிழையா? அப்படியானால் எதை வைத்து வரைவது?

இன்னொன்று, தேயிலை. இந்த ஐந்தாம் பாகத்தில் தேயிலை என்று ஒரு பொருளே கிடையாது. பட்டு இருக்கிறது, திராட்சை மது இருக்கிறது, தந்தம் இருக்கிறது. மலையகத்தை வரைந்துவிட்டுத் தேயிலை இல்லாமல் எப்படி விடுவது? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதுளை ரோட்:

தம்பி, மெப்பை இறக்கிப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் எங்கள் ஊவாப் பக்கம் முழுவதையும் காய்ந்த சமவெளியாகப் போட்டிருக்கிறீர்கள். பதுளை கடைசியில் வருவதற்கு அதுதான் காரணம். தின்ன இல்லாத நகரம் எப்படி வளரும்?

நீங்கள் கொட்டகலையில் இருந்துகொண்டு மழையைப் பார்க்கிறீர்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை உங்களுக்குத் தென்மேற்கு மழை கொட்டும்போது எங்களுக்குக் கச்சான் காற்றுதான், உதடெல்லாம் வெடிக்கும். ஊவாத் தேயிலையின் அந்த வாசனை வருவதே அந்தக் காய்ந்த காற்றில்தான். ஆனால் ஐப்பசிக்குப் பிறகு வந்து பாருங்கள். தை மாதம் வரை எங்களுக்கு மழை. வெலிமடையில் வயல் படிப்படியாக இறங்கும், பக்கத்திலேயே உருளைக்கிழங்கு. அதைப் பாலைவனத்துக்குப் பக்கத்து நிறத்தில் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ரயிலில் பட்டிப்பொலை தாண்டி அந்தச் சுரங்கத்துக்குள் போய் ஒஹியாப் பக்கம் வெளியே வந்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் பனியும் தூறலும், அந்தப் பக்கம் வெயில். மழையைப் பிரிக்கும் கோடு அதுதான். அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோட்டுக்கு இருபக்கமும் பச்சைதான். வெலிமடையிலிருந்து பதுளை வரை ஆற்றங்கரைக் கட்டங்களைப் புல்வெளியாக்குங்கள். ஆற்றங்கரையில் வயல் போட்டால் குடிமைப் பணி ஆராய்ச்சிக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு உணவு கூடும் அல்லவா, பதுளை தானாக எழும்பும். உமா ஓயாவையும் பதுளு ஓயாவையும் நீங்கள் வரையவே இல்லை. இரண்டும் மகாவலியில் போய்ச் சேருபவை.

கட்டம் எண்ணுபவன்:

கண்டியிலிருந்து எழுதுகிறேன். நில அளவைப் படங்களோடு வேலை, அதனால் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

அப்பா சொன்னது சரி. படையை நிறுத்துவது உயரம் அல்ல, சரிவு. நுவரெலியா உயரத்தில் இருக்கும் ஒரு கிண்ணம், அடி சமதரை. ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில் இருக்கும் ஒரு மேசை. அதன் தெற்கு விளிம்பில், உலக முடிவு என்ற இடத்தில், 800 மீட்டருக்கு மேல் நேராக விழுகிறது. மேசைக்கு மேலே புல்வெளி, விளிம்பில் மட்டும் மலைக் கட்டம். படத்தில் சமவுயரக் கோடுகள் எங்கே நெருக்கமாக ஓடுகின்றனவோ அங்கேதான் சுவர்.

ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்க்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்தில் ராடார் வைத்து எடுத்த உயரத் தரவு எஸ்ஆர்டிஎம் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டால் சரிவை அதுவே கணக்குப் பார்க்கும். பிறகு இரண்டு கிலோமீட்டர் கட்டமாகச் சராசரி எடுங்கள். ஆனால் சராசரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். கணவாய் என்பது சில நூறு மீட்டர் அகலம்தான், இரண்டு கிலோமீட்டர் சராசரியில் அது காணாமல் போய்விடும். கணவாய்களைக் கையால்தான் திறக்க வேண்டும். கடுகண்ணாவை, கினிகத்தேனை, றம்பொடை, ஹப்புத்தளை, எல்ல, கிழக்கே மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. மலையக மெப் ஒன்றின் தலைவிதி இந்த ஆறு இடத்தில்தான் இருக்கிறது.

இனி சோதனை பற்றி. தூரத்தை எந்தப் படையை நடக்கவிட்டுப் பார்த்தீர்கள்? ஏழு ஆட்டத்தில் நுவரெலியாவை எடுத்து ஆடியது யார்?

கொட்டகலை மேட்டுலயம்:

பதுளை அண்ணா, மன்னியுங்கள். உங்கள் பக்கத்துக்கு நான் வந்ததெல்லாம் ஆகஸ்ட் விடுமுறையில்தான். பார்த்ததை வைத்து வரைந்துவிட்டேன்.

தூரம் பார்த்தது சாரணனை வைத்து. ஹட்டனிலிருந்து பதுளைக்கு, நுவரெலியாவைச் சுற்றிக்கொண்டும்கூட 16 சுற்றில் போய்விட்டான், அதனால் தூரம் சரி என்று விட்டுவிட்டேன். நுவரெலியாவை நான்கு ஆட்டத்தில் எடுத்தது தம்பி.

கட்டம் எண்ணுபவன்:

நினைத்தேன். சாரணனுக்கு நிலத்தின் செலவு கிடையாது. குன்றோ காடோ ஒரு கட்டத்துக்கு ஒரு நகர்வுதான். மேடுபள்ளம் உள்ள மெப்பைச் சாரணனை வைத்து அளந்தால் தார் ரோட்டில் அளந்த மாதிரி ஆகிவிடும். சாதாரண வீரனை நடக்கவிடுங்கள். அவனுக்கு இரண்டு நகர்வு, குன்றென்றால் சுற்றுக்கு ஒரு கட்டம்.

உங்கள் தம்பி நால்வரில் நன்றாக ஆடுபவர் என்றால் ஜெயித்தது இடமா, ஆளா என்று எப்படித் தெரியும்? அடுத்த ஆட்டங்களில் அவரைப் பதுளையில் உட்கார வையுங்கள். அதோடு மனிதர் இல்லாமலும் ஓடவிடுங்கள். ஸ்டீமில் கருவிகள் பகுதியில், விளையாட்டை வெளியிலிருந்து இயக்கும் ஃபயர் டியூனர் கிடைக்கும். கொன்ஃபிக் கோப்பில் எனேபிள் டியூனர் என்ற வரியில் 0ஐ 1 ஆக்கினால், விளையாட்டைத் தானாகவே 150 சுற்று ஓடச் சொல்லலாம். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தலைவர்களை இடம் மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு குணம் எழுதப்பட்டிருக்கிறது, சண்டைக்காரர் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடம்தான் சண்டைக்கார இடம் போலத் தெரியும். யார் ஜெயித்தார் என்று மட்டும் குறிக்க வேண்டாம். இரண்டாவது நகரம் எந்தச் சுற்றில், பக்கத்து நாட்டை முதலில் கண்டது எந்தச் சுற்றில், முதல் போர் எப்போது. இந்த மூன்றும் போதும்.

கடைசியாக ஒன்று. ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்பதால் ஒற்றைக் கட்டக் கணவாயில் கணினியின் படைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நிற்கும், போர் நடக்கவே நடக்காது. எல்லாக் கணவாயையும் இரண்டு கட்டம் அகலமாக்குங்கள்.

மவுசாக்கலை:

தம்பி, எனக்கு இந்த விளையாட்டு அவ்வளவாகத் தெரியாது. என் மகன் ஆடும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பேன், உங்கள் மெப்பையும் அவன்தான் காட்டினான். மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நீல நிறத்தில் பார்த்தேன். இந்த விளையாட்டு கிறிஸ்துவுக்கு முன் 4000இல் தொடங்குகிறது என்று மகன் சொல்கிறான். அப்படியானால் அந்தத் தண்ணீர் அங்கே எப்படி வந்தது?

அந்தத் தண்ணீருக்குக் கீழே பழைய மஸ்கெலியா டவுன் இருக்கிறது. எங்கள் அம்மா அங்கே கடைத்தெருவுக்குப் போனவர். கடும் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், சனங்கள் போய்ப் பார்ப்பார்கள். அணை கட்டுவதற்கு முன்பு அது ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. காசல்ரீயும் அப்படித்தான். தயவுசெய்து தண்ணீரை எடுத்துவிட்டு ஆற்றை விடுங்கள்.

சிவனொளிபாதமலையை வைத்திருப்பது சந்தோஷம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வரை நல்லதண்ணிப் பக்கம் இரவெல்லாம் விளக்கு வரிசையாகத் தெரியும், அந்தப் பாதைக்கும் ஒரு வழி வையுங்கள்.

மாத்தளை வடக்கு:

தேயிலைக்குப் பதில் சொல்கிறேன், சுலபமான வேலை. மெப்போடு ஒரு சின்ன மொட், அதாவது விளையாட்டை மாற்றும் கோப்பு, செய்யுங்கள். பொருட்கள் எல்லாம் ஒரு எக்ஸ்எம்எல் அட்டவணையில் இருக்கின்றன. திராட்சை மதுவின் வரியைப் பிரதி எடுத்துப் பெயரைத் தேயிலை என்று மாற்றினால் தோட்டம் போட்டு மகிழ்ச்சி எடுக்கலாம், படத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அந்த அட்டவணையில் டெக் ரிவீல் என்று ஒரு நிரல் இருக்கிறது. இரும்பும் நிலக்கரியும் எந்த ஆராய்ச்சிக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும் என்று சொல்வது அதுதான். தேயிலைக்கு அங்கே கைத்தொழில் காலத்து ஆராய்ச்சி ஒன்றைப் போடுங்கள். லூல்கந்தூரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். அதற்கு முன்னால் கோப்பி, 1869இல் இலைநோய் வந்து அது அழிந்துபோனது. அதற்கும் முன்னால் காடு. ஆரம்பத்திலேயே மலை முழுக்கத் தேயிலை தெரிந்தால் அது நம் கதை இல்லை.

அப்புறம், உங்கள் மெப் கண்டியோடு நின்றுவிடுகிறது. நம் ஆட்கள் கோப்பிக் காலத்தில் மலைக்குள் வந்தது எந்த வழியாக? மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். மலையகம் என்று பெயர் வைத்துவிட்டு அந்த வாசலை வெட்டிவிடாதீர்கள்.

கொட்டகலை மேட்டுலயம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் கடையில் வேலை அதிகம்.

மாத்தளை அண்ணா எழுதியதைப் படித்த அன்றே பழைய மெப்பை மூடிவிட்டு 80க்கு 52 கட்டத்தில் புதிதாகத் தொடங்கினேன். அதை நான் யோசிக்காமல் விட்டது எனக்கே ஆறவில்லை. எங்கள் அப்பாவின் பாட்டனும் அந்த வழியாக வந்தவர்தான். இப்போது வடக்கு ஓரத்திலிருந்து மாத்தளை, கண்டி, கம்பளை என்று ஒரு பாதை ஆட்டம் தொடங்கும்போதே கிடக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத பாதை. கட்டத்தின் அளவு அதேதான்.

சரிவை வைத்து வரைந்தபோது மலைக் கட்டங்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. ஹோர்ட்டன் சமவெளி இப்போது புல்வெளி, தெற்கே மட்டும் சுவர். டயகமவிலிருந்து ஏறி ஒஹியாவுக்கு இறங்கும் வழியை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் வரைந்தேன். எந்த இடத்தில் பாதை வளையும், எங்கே பீலி இருக்கும் என்றெல்லாம் சொன்னார். இரண்டு கிலோமீட்டர் கட்டத்தில் அது எதையும் காட்ட முடியாது, ஆனாலும் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நுவரெலியாவுக்கு இப்போது மூன்று வாசல்: றம்பொடை, நானுஓயா வழியாகத் தலவாக்கலைக்கு, ஹக்கல வழியாக வெலிமடைக்கு. பிதுருதலாகலை மட்டும் நகரத்தை ஒட்டி மலையாக இருக்கிறது, வானாய்வுக்கூடத்தை அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம் என்று விட்டேன்.

மவுசாக்கலை அக்கா, நீங்கள் விளையாட்டு தெரியாது என்று எழுதினீர்கள், ஆனால் ஹட்டனைக் காப்பாற்றியது நீங்கள்தான். நீர்த்தேக்கங்களை எடுத்தவுடன் மஸ்கெலியாப் பள்ளத்தாக்கு திறந்துவிட்டது. ஹட்டன்காரர் இப்போது இருபதாவது சுற்றுக்குள் சிவனொளிபாதத்துக்குப் பக்கத்தில் நகரம் வைக்கிறார். விளையாட்டில் அந்த மலை நான்கு பக்தியும் இரண்டு உணவும் தருகிறது, ஹட்டனில் முதல்முறையாக மதம் தொடங்கியது. ஆறுகளையும் திரும்ப வரைந்தேன். நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் களனியில் சேர்ந்து கொழும்புக் கடலுக்குப் போகிறது. எங்கள் கொட்டகலைத் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக்குப் போகிறது. நடுவில் ஒரு முகடுதான். இத்தனை வருடம் அந்த முகட்டைத் தாண்டி வேலைக்குப் போய் வந்த எனக்கு இது வரையும்போதுதான் தெரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டி அண்ணாவின் பேச்சைக் கேட்கவில்லை. மற்ற ஐந்து கணவாயையும் இரண்டு கட்டமாக்கிவிட்டேன். கடுகண்ணாவையை ஒற்றைக் கட்டமாகவே விட்டேன், பக்கத்தில் பலனைக் கணவாயையும் அப்படியே. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் போர்த்துக்கீசர் படை தோற்று அழிந்த பூமி அது. 1815 வரை கண்டி நின்றதற்கு அந்த வாசலும் ஒரு காரணம். கணினியின் படை அங்கே அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பது உண்மைதான். நிற்கட்டும். போக வேண்டுமென்றால் கினிகத்தேனை வழியாகச் சுற்றி வரட்டும்.

இரவில் ஒன்பது ஓட்டம் ஓடவிட்டேன். தலைவர்களை ஒவ்வொரு முறையும் மாற்றினேன். 150 சுற்றில் நுவரெலியா இரண்டில் முன்னால், கண்டி மூன்றில், பதுளை இரண்டில், ஹட்டனும் கம்பளையும் ஒவ்வொன்றில். முன்பு நுவரெலியாவும் பதுளையும் சந்திக்கவே 94 சுற்று ஆனது, இப்போது 30க்கு முன்னாலேயே சந்தித்துக்கொள்கிறார்கள். வீரனை நடக்கவிட்டால் ஹட்டனிலிருந்து பதுளைக்கு 27 சுற்று. தம்பியைப் பதுளையில் உட்கார வைத்தோம். ஜெயித்தான், ஆனால் கடைசி வரை போராடித்தான் ஜெயித்தான். வெலிமடை வயல்களைப் பார்த்துவிட்டு இனி இந்த இடத்தை விடமாட்டேன் என்கிறான்.

பண்டாரவளைதான் இன்னும் சரியில்லை. ஒன்பதில் ஒன்றில்கூட அது முன்னால் வரவில்லை. எல்ல இடைவெளியால் வெல்லவாயாப் பக்கமிருந்தும், ஹப்புத்தளையால் பலாங்கொடைப் பக்கமிருந்தும் அடி வாங்குகிறது, வடக்கே பதுளை. மூன்று பக்கமும் திறந்த வீடு. ஹப்புத்தளை முகட்டில் இன்னும் இரண்டு கட்டத்தை மலையாக்கலாமா, இல்லை இரும்பு கொஞ்சம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நிலத்தைப் பொய்யாக வரைய மனம் வரவில்லை, அதனால் இரும்புப் பக்கம்தான் சாய்கிறேன். பதுளை அண்ணா, நீங்கள் அந்தப் பக்கம் அறிந்தவர். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் ரோட்டைத் தவிர, நடந்து ஏறக்கூடிய குறுக்கு வழிகள் அந்த முகட்டில் எத்தனை இருக்கின்றன? தெரிந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்தால் அதையும் போட்டுவிட்டு ஆடுவோம். இந்த முறை பண்டாரவளையை நான் எடுக்கிறேன்.